திருநெல்வேலிச் சீமையில் ஊர்க்காரர்கள் போகிற இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இதுதான்: "ஏப்ரல் முதல் வாரத்தில் குடும்பத்தோடு முதல் தடவையாகத் திருநெல்வேலி வருகிறோம். நாலைந்து நாள் இருப்போம். எங்கே தேடினாலும் நெல்லையப்பர் கோயில், இருட்டுக்கடை அல்வா, குற்றாலம் என்று அதே பட்டியல்தான் வருகிறது. ஊர்க்காரர்கள் உண்மையிலேயே போகிற, சாப்பிடுகிற இடங்களை வெளியூரிலிருந்து வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது?"

நான் பாளையங்கோட்டைக்காரன். அந்தப் பட்டியலில் இருக்கிற இடங்கள் எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்காகவே இருப்பவை என்று நினைத்துவிட வேண்டாம். கீழ ரதவீதியில் இருட்டுக்கடை முன்னால் சாயங்காலம் நிற்கிற கூட்டத்தில் டவுன்காரர்களும் நிற்பார்கள். மகளைப் பார்க்க வெளியூர் கிளம்புகிறவர் இருப்பார், சம்பந்தி வீட்டுக்கு வாங்கப் போகிறவர் இருப்பார். நெல்லையப்பர் கோயிலுக்குத் தினமும் போகிற ஆட்கள் டவுனில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் ஊர்க்காரர் போகிற நேரம் வேறு, வெளியூர்க்காரர் போகிற நேரம் வேறு. இந்தச் சீமையில் எங்கே என்று கேட்பதை விட எப்போது என்று கேட்பதுதான் பலன் தரும். பதநீர் காலையில், அல்வா சாயங்காலத்தில், சந்தை செவ்வாய்க்கிழமையில், அருவி ஆனி ஆடியில், கொடை என்கிற ஊர்க்கோயில் திருவிழா அம்மனுக்குக் குறித்த நாளில். நேரம் தப்பிப் போனால் அதே இடம் வெறும் கட்டடமாகத்தான் தெரியும்.

உங்கள் கேள்வியிலேயே அதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. ஏப்ரலில் குற்றாலம் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்ப்பீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு இந்தப் பக்கம் சாரலாக விழுகிற ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் அங்கே சீசன். இங்கே யாராவது ஏப்ரலில் "குத்தாலம் போவோமா" என்று கேட்டால், "தண்ணி விழுதா?" என்பதுதான் முதல் பதிலாக வரும். ஆகவே உங்கள் திட்டத்திலிருந்து குற்றாலத்தை எடுத்துவிடுங்கள். செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பார்டர் புரோட்டாவுக்காகவே போகிறேன் என்றால் சரி, அது வருஷம் முழுக்க உண்டு. அருவிக் குளியல்தான் வேண்டுமென்றால் பாபநாசத்துக்கு மேலே அகஸ்தியர் அருவி இருக்கிறது. தாமிரபரணி வற்றாத ஆறு என்பதால் கோடையிலும் அங்கே தண்ணீர் விழும். வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகவேண்டும். காலையிலேயே போய்விடுங்கள்.

அடுத்து, எப்படிக் கேட்பது. "இங்க எது நல்ல ஓட்டல்?" என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், அவர் தான் ஒருநாளும் சாப்பிடாத ஏசி ஓட்டலைத்தான் காட்டுவார். ஏமாற்றுகிற எண்ணம் துளியும் கிடையாது. வந்திருக்கிறவர் விருந்தாளி, குடும்பத்தோடு வந்திருக்கிறார், நாம் சாப்பிடுகிற பெஞ்சு போட்ட கடையை எப்படிச் சொல்வது என்கிற கூச்சம். அதனால் கேள்வியை அவர் பக்கம் திருப்பிவிடுங்கள். "அண்ணாச்சி, நீங்க காலையில எங்க சாப்பிட்டீங்க?" "வீட்டுக்கு காராச்சேவு வாங்குனா எந்தக் கடையில வாங்குவீங்க?" "நீங்க சின்ன வயசுல எங்க குளிச்சீங்க?" இப்படிக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். "எந்தூருல இருந்து வாரிய?" என்று முதலில் உங்களை விசாரிப்பார். அதற்கு நிதானமாகப் பதில் சொல்லுங்கள். எங்கள் பக்கம் ஆள் யார் என்று தெரிந்த பிறகுதான் பேச்சு திறக்கும். ஆண்களை அண்ணாச்சி என்றும், வயதான பெண்களை ஆச்சி என்றும், மற்றவர்களை அக்கா என்றும் கூப்பிடலாம். சார், மேடம் என்றால் அவரும் உங்களைச் சார் ஆக்கி, மறுபடியும் ஏசி ஓட்டலுக்கே அனுப்பிவிடுவார்.

யாரைக் கேட்பது என்பதும் முக்கியம். கோயில் வாசலில் பூக்கட்டுகிற அக்காமார், டவுன் பஸ் கண்டக்டர்கள், காலையில் நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வருகிற லோடு ஆட்டோக்காரர்கள், ரயில் நிலையத்து போர்ட்டர்கள் ஆகியோர் தினமும் வெளியே சாப்பிடுகிறவர்கள், அல்லது அப்படிச் சாப்பிடுகிறவர்களோடு இருப்பவர்கள். எந்தக் கடையில் இன்றைக்கு மாஸ்டர் லீவு என்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். தங்கும் விடுதி வரவேற்பில் கேட்பதில் அவ்வளவு பலன் கிடையாது.

அல்வாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று டப்பாவில் வாங்கி, ஊருக்குக் கொண்டுபோய் ஆறவைத்துச் சாப்பிடுகிறார்கள். ஊர்க்காரர் அல்வா தின்கிற விதம் அதுவல்ல. இங்கே மிட்டாய்க் கடைக்கு லாலா கடை என்றுதான் பேர். சாயங்காலம் ஆறு ஆறரைக்கு லாலா கடை முன்னால் போய் நின்று, "சூடா ஒரு நூறு கொடுங்க" என்றால், தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாழை இலைத் துண்டில் வைத்துத் தருவார்கள். நெய் இலை ஓரத்தில் வழிந்து விரலுக்கு வரும். பல்லுக்கு வேலையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். இலையில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்து முடித்ததும் கையை நீட்டினால் ஒரு பிடி மிக்சர் அல்லது காராச்சேவு போடுவார்கள். இனிப்பு தொண்டையில் நிற்காமல் இருக்க அந்தக் காரம். நின்றபடியே எல்லாம் முடிந்துவிடும். சம்பா கோதுமையை ஊறப்போட்டு ஆட்டிப் பாலெடுத்து, புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டுகிற பண்டம் அது. தாமிரபரணித் தண்ணீரில்தான் அந்தப் பதம் வரும் என்று இங்கே எல்லாரும் நம்புகிறோம். இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், போட்டது தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். அங்கே வரிசை நீளமாக இருந்தால் ரதவீதிகளிலேயே வேறு லாலா கடையில் நின்று சூடாகச் சாப்பிடுங்கள். பேரை விடச் சூடு முக்கியம் என்பது என் கருத்து.

அல்வா தின்ற கையோடு நெல்லையப்பர் கோயிலுக்குள் போங்கள். பகலில் போனால் தூணையும் சிற்பத்தையும் பார்த்துவிட்டு வருவீர்கள். சாயரட்சை என்கிற சாயங்காலப் பூஜைக்கு மேல் போனால் கோயில் ஊருக்குச் சொந்தமானதாக இருக்கும். சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் சேர்க்கிற சங்கிலி மண்டபத்தை 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டினார். அந்த நீளத்தை நடந்து கடந்து, அம்மன் சன்னதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வீட்டு விஷயம் பேசிவிட்டுப் போகிற பெண்களை அங்கே தினமும் பார்க்கலாம். நீங்களும் உட்காருங்கள். தட்டினால் ஸ்வரம் தருகிற தூண்கள் மணி மண்டபத்தில் இருக்கின்றன. அவற்றைத் தட்டிப் பார்க்கிற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள், தட்டித் தட்டியே தேய்ந்த கற்கள் அவை. ஆனித் தேரோட்டத்தைப் பார்க்க முடிந்தால் அது வேறு அனுபவம், ஆனால் அதற்கு நீங்கள் ஜூன் ஜூலையில் வரவேண்டும்.

சாப்பாட்டில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் சிறந்தவை பல ஓட்டலில் கிடைக்காது. சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலில் வெந்து, கடைசியில் தலைப்பால் ஊற்றி எலுமிச்சை பிழிந்து இறக்குகிற குழம்பு. கூட இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கும் இருக்கும். சைவப் பிள்ளைமார் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற மரியாதைச் சாப்பாடு அது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி எல்லாமே வீட்டுச் சமையல். ஒரு சில மெஸ்களில் கிழமை வைத்து இவற்றில் ஏதாவது ஒன்றைப் போடுவார்கள், வாசலில் கரும்பலகையில் எழுதியிருக்கும். கரும்பலகை இருக்கிற மெஸ்ஸாகப் பார்த்து, முதல் நாளே "நாளைக்கு என்ன ஸ்பெஷல்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்கே போய்விட வேண்டும். இரண்டு மணிக்கு மேல் போனால் குழம்பு இருக்கும், கூட்டும் பொரியலும் வழித்துப் போட்டதாக இருக்கும். இந்தப் பக்கத்தில் தெரிந்தவர் வீடு ஒன்று இருந்தால், எதையும் யோசிக்காமல் "சொதி வச்சுக் கொடுங்க" என்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்காகச் சந்தோஷப்படுவார்கள்.

காலை டிபனுக்கு எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் கூட்டத்தின் வகை. வேட்டி கட்டின பெரியவர்கள் பேப்பர் படித்துக்கொண்டு காபிக்குக் காத்திருந்தால் அது நல்ல கடை. ஏழு மணிக்கு அங்கே இருங்கள். இரவு என்றால் புரோட்டாவும் சால்னாவும். கல்லில் இருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கிற சத்தம் கேட்கிற கடையாகப் போங்கள். மேலப்பாளையத்தில் பிரியாணிக்கு நல்ல கடைகள் பல உண்டு. அதே மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை கால்நடைச் சந்தை கூடும். ஆடு வாங்க வருகிறவர், விற்க வருகிறவர், தரகர் மூவரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறதைப் பார்க்க வேண்டுமானால் விடிந்ததும் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் சந்தை கலைந்துவிடும்.

ஆற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். திருநெல்வேலியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காரியம் செய்யலாம் என்றால், காலை ஆறு மணிக்கு ஒரு படித்துறையில் போய் உட்காருவதைத்தான் சொல்வேன். டவுனுக்குப் பக்கத்தில் குறுக்குத்துறை இருக்கிறது. அங்கே முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயிலே மூழ்கும். மூழ்குவதற்கு முன்னால் உற்சவரையும் சாமான்களையும் கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள், தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜையைத் தொடங்குவார்கள். எத்தனையோ வெள்ளம் வந்து போய்விட்டது, கல் அப்படியே நிற்கிறது. விடியற்காலையில் அங்கே குளிக்க வருகிறவர்கள் ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் இறங்குகிறவர்கள். துணி துவைக்கிற கல்லுக்கும் ஆள் உண்டு. அந்தக் கல்லை விட்டுத் தள்ளி இறங்குங்கள், ஆழம் எங்கே என்று பக்கத்தில் குளிக்கிறவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். கேட்டால் எங்கே மணல், எங்கே பாறை, எங்கே சுழல் என்று விரலை நீட்டிக் காட்டுவார்கள். வண்ணாரப்பேட்டைக்கும் கொக்கிரகுளத்துக்கும் நடுவில் சுலோசன முதலியார் தன் பணத்தில் கட்டிக்கொடுத்து 1843-இல் திறந்த பாலத்தின் மேலிருந்து ஆற்றைப் பார்ப்பதும் நன்றாக இருக்கும், ஆனால் பார்ப்பது வேறு, இறங்குவது வேறு.

மேற்கே போவதற்குக் கார் எடுக்க வேண்டாம். செங்கோட்டை பாசஞ்சர் ரயிலில் ஏறுங்கள். பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றை ஒட்டியும் வயலை ஒட்டியும் போகும், மலை கிட்டே வந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு வரிசையில் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தொழில் உண்டு. காருகுறிச்சியில் மண்பாண்டம். நாகஸ்வரம் கேட்கிறவர்களுக்கு அது அருணாசலத்தின் ஊர். வீரவநல்லூரில் சௌராஷ்டிர நெசவாளர்களின் தறிகள். அங்கே நெய்கிற செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் "உங்க ஊர்ல என்ன செய்வாங்க?" என்று கேளுங்கள், இறங்கும்போது யாருடைய வீட்டுக்காவது வழி சொல்லிக் கையோடு கூட்டிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

பத்தமடைக்கு மட்டும் பஸ்ஸில் போய்விடுங்கள், சேரன்மகாதேவி போகிற சாலையில் அதற்கு முன்னால் வருகிறது. பத்தமடைப் பாய் என்றால் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அது நெய்யப்படுவதைப் பார்த்தவர்கள் குறைவு. ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, மெல்லிசாகக் கீறி, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்த பிறகுதான் தறிக்கு வரும். பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் நெய்கிறார்கள். தரையோடு தரையாக இருக்கிற தறி. ஒரு கோரையை நுனியில் பிடித்து நூல் பாவுக்கு நடுவே விட்டு, கட்டையால் தட்டி நெருக்கி, அடுத்த கோரை. இழை மெல்லிசாக ஆக ஆகப் பாயின் விலையும் ஏறும். நல்ல பட்டுப்பாயைக் கையில் எடுத்தால் துணி மாதிரி மடியும். கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பேரையும் தேதியையும் நெய்து தருவார்கள். நேராக யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காதீர்கள். கடைவீதியில் பாய்க் கடையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேட்டால், நெய்கிற வீட்டுக்குச் சொல்லிவிட்டு அனுப்புவார்கள். பெண்கள் முன்னால் போகட்டும், ஆண்கள் வாசலில் நில்லுங்கள், போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். பாய் வாங்கினால் விலையில் ரொம்பப் பேரம் பேசாதீர்கள். எத்தனை நாள் வேலை அது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

அதே வரிசையில், வீரவநல்லூருக்கும் முக்கூடலுக்கும் பக்கத்தில் திருப்புடைமருதூர் இருக்கிறது. கடனா நதி தாமிரபரணியில் சேர்கிற இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்கு உள்ளே, அடுக்கு அடுக்காக மரச் சிற்பங்களும் பழைய சுவரோவியங்களும் இருக்கின்றன. வெளியே இருந்து பார்த்தால் உள்ளே இப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. எப்போதும் திறந்து வைத்திருக்க மாட்டார்கள், கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. ஆற்றங்கரை மருத மரங்களில் பறவைகள் கூடுகட்டுகிற ஊர் அது. ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்து வந்ததனால் 2005-இல் அந்த இடம் பறவைகளுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் இந்த வகையில் அதுதான் முதல் என்று சொல்வார்கள். சாயங்காலம் படித்துறையில் உட்கார்ந்தால் பறவைகள் அடைகிறதைப் பார்க்கலாம்.

பறவை என்றதும் தெற்கே மூலைக்கரைப்பட்டிப் பக்கம் கூந்தன்குளத்தையும் சொல்லவேண்டும். ஏப்ரலில் போகிறவர்களுக்கு இது அதிர்ஷ்டமான நேரம், அநேகமாகக் குஞ்சு பொரித்து வளர்க்கிற காலம். குளத்தில் மட்டுமின்றி ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்திலேயே கூடுகட்டியிருக்கும். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர். நாரைகள் ஊருக்கு வந்தால் மழையும் விளைச்சலும் நன்றாயிருக்கும் என்பது அங்கே உள்ள நம்பிக்கை. அங்கே சத்தமில்லாமல் நடங்கள், குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள்.

அங்கிருந்து இன்னும் தெற்கே திசையன்விளைப் பக்கம் போனால் செம்மண்ணும் பனையும்தான். ஏப்ரல் பனைக்கு நல்ல காலம். பதநீரை வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினது பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். சாலையோரத்தில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருகிறவரைப் பார்த்தால் நிறுத்துங்கள். நுங்கைத் தோண்டி அதிலேயே போடச் சொல்லுங்கள். பட்டையின் ஓலை வாசத்தோடு குடிக்கவேண்டும், கண்ணாடித் தம்ளரில் வாங்கினால் பாதி போய்விடும். பக்கத்திலேயே அடுப்பு மூட்டிப் பதநீர் காய்ச்சுகிற விளை (பனந்தோப்பு) இருந்தால், நின்று பார்க்கலாமா என்று கேளுங்கள். காய்ந்த பாகைச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டுத் தட்டி எடுப்பார்கள், அதுதான் கருப்பட்டி. அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் விற்பதில் சர்க்கரை கலந்ததும் உண்டு, காய்ச்சுகிற இடத்தில் வாங்கினால் அந்தச் சந்தேகம் இல்லை.

அந்தப் பக்கம் இடையன்குடியில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய பாதிரியார் கால்டுவெல் வாழ்ந்த வீடும் அவர் கட்டின ஆலயமும் இருக்கின்றன. ஆலயம் 1880-இல் பிரதிஷ்டை ஆனது. அந்த வட்டாரத்துச் சபைகளில் அசனம் என்று ஒரு வழக்கம் உண்டு. ஆலயப் பண்டிகையை ஒட்டி ஊரே சேர்ந்து பெரிய பாத்திரங்களில் சோறும் கறிக்குழம்பும் சமைத்து, வந்தவர் போனவர் எல்லாருக்கும் பந்தி போடுவது. எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். எங்காவது அசனம் என்று போஸ்டர் ஒட்டியிருந்தால் அன்றைக்கு மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது காணிக்கைப் பெட்டியில் ஏதாவது போட்டுவிட்டு வருவது மரியாதை.

இனி நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிற விஷயம், கொடை. திருநெல்வேலிச் சீமையின் உயிர் பெரிய கோயில்களில் மட்டும் இல்லை. சுடலைமாடன், முத்தாரம்மன், உச்சினிமாகாளி, இசக்கி, சாஸ்தா என்று ஊர் ஓரத்திலும் குளக்கரையிலும் இருக்கிற கோயில்களில் இருக்கிறது. பங்குனி உத்திரம் அன்றைக்கு வெளியூரில் இருக்கிற திருநெல்வேலிக்காரர்கள் எல்லாரும் தங்கள் குலதெய்வ சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் இடம் கிடைக்காது. நீங்கள் வருகிற வாரத்தில் உத்திரம் வருகிறதா என்று காலண்டரில் பாருங்கள், வந்தால் டிக்கெட்டை முன்னாடியே போட்டுவிடுங்கள். பொட்டல் காட்டில் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற கோயில் முன்னால் அன்று பொங்கல் அடுப்புகளைப் பார்க்கலாம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் கூட்டம் போகும்.

அம்மனுக்கும் மாடனுக்கும் கொடை அதிகமும் சித்திரையில் தொடங்கி ஆவணி வரை ஊர் ஊராக நடக்கும். பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியில் வரும். இணையத்தில் தேடினால் கிடைக்காது. பந்தல்காரர், மைக்செட் கடை, பூக்கடை இவர்களைக் கேளுங்கள், எந்த ஊரில் என்றைக்குக் கால்நாட்டு (பந்தக்கால் நடுவது), என்றைக்குக் கொடை என்று விரல்நுனியில் வைத்திருப்பார்கள். வில்லுப்பாட்டு சாயங்காலம் தொடங்கும். நீளமான வில்லில் மணிகள் கட்டி, வீசுகோலால் அடித்து, பக்கத்தில் ஒருவர் குடத்தைத் தட்ட, இன்னொருவர் உடுக்கடிக்க, சாமியின் கதையைப் பிறப்பிலிருந்து பாடிக்கொண்டு போவார்கள். கதை எந்த இடத்துக்கு வருகிறதோ அதற்கேற்ற மாதிரி சாமியாடிகளுக்கு அருள் வரும். சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்து இருந்தால் கட்டாயம் பாருங்கள். அண்ணாவி என்கிற தலைமைப் பாடகர் பாட, மகுடம் என்கிற தோல்வாத்தியம் இரண்டை அடிக்க, பெண் வேஷம் கட்டின ஆண்கள் ஆடுவார்கள். திருநெல்வேலிச் சீமையையும் அதைச் சுற்றியும் தவிர வேறு எங்கும் இந்தக் கலையை இப்படிப் பார்க்க முடியாது.

அங்கே போகிறவர்கள் சில விஷயங்களை மனதில் வைக்கவேண்டும். அது அந்தக் குடும்பங்கள் தங்கள் சாமியோடு பேசுகிற இரவு. போனதும் ஊர்ப் பெரியவர் அல்லது கொடைக்கு வரி பிரிக்கிறவர் ஒருவரிடம் "நாங்க வெளியூரு, பாக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், நாற்காலி போடுவார்கள், திருநீறு கொடுப்பார்கள், சாப்பிடாமல் விடமாட்டார்கள். சாமியாடிகளை முகத்துக்கு நேரே போய்ப் படம் எடுக்காதீர்கள். நடுச்சாமத்தில் நடக்கிற சாமக்கொடையில் பலி உண்டு, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் அதற்கு முன்னால் கிளம்பிவிடலாம். வேட்டைக்குச் சாமி போகும்போது பின்னால் போகக் கூடாது என்றால் போகக் கூடாதுதான், காரணம் கேட்க வேண்டாம்.

உங்களுக்கு நாலைந்து நாள் இருப்பதால் இரண்டு இரவு பாளையங்கோட்டையிலோ ஜங்ஷன் பக்கத்திலோ தங்கி டவுன், ஆறு, மேலப்பாளையம், கூந்தன்குளம் பாருங்கள். மீதி இரவுகளை அம்பாசமுத்திரத்துக்கு மாற்றிவிட்டால் பத்தமடை, திருப்புடைமருதூர், பாபநாசம் எல்லாம் பக்கம். திசையன்விளைக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். வெயில் கடுமையாக இருக்கும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை அறையிலேயே இருங்கள், ஊரும் அப்போது படுத்திருக்கும். பாபநாசத்தில் குளித்தால் உடுத்தின துணியை ஆற்றில் விடச் சொல்லி யாராவது பரிகாரம் சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் துணி முழுக்க ஆற்றின் அடியில்தான் போய்ச் சேர்கிறது, கீழே உள்ள ஊர்களெல்லாம் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. நீங்கள் வருகிற தேதியைச் சொன்னால், அந்த வாரத்தில் கொடை இருக்கிறதா, எந்தப் பக்கம் என்று விசாரித்துச் சொல்கிறேன்.